கைக்கும் ஊசிக்கும் நடுவில்

மறுபடியும் துள்ளிவிட்டது. அதே இடம்தான். நாதஸ்வரம் படியிறங்குவதுபோல இறங்கி வந்து மூச்சுக்கு நிற்கிறது, அந்த இடைவெளியில் தவில் ஓங்கி ஒன்று விழுகிறது, விழுந்ததும் ஊசி எகிறி இரண்டு விரற்கடை தள்ளிப் போய் வேறெங்கோ நடுவிலிருந்து வாசிக்கத் தொடங்குகிறது, ஒன்றுமே நடக்காததுபோல. நான் கையைத் தூக்கித் தாங்கியில் வைத்தேன். என் கையை அல்ல, இசைத்தட்டுப் பெட்டியின் கையை. டோன் ஆர்ம் என்பது அதன் பெயர், ஆனால் இந்த வீட்டில் அது கைதான், மாமா அப்படித்தான் சொல்வார், ‘கையைத் தொடாதீங்க’ என்று, எங்கள் எல்லோருக்கும் பொதுவாக, யாரையும் பார்க்காமல். கையின் நுனியில் ஊசியைப் பிடித்துக்கொண்டிருக்கும் சின்னப் பெட்டியை மட்டும் கார்ட்ரிட்ஜ் என்று முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார், மரியாதைப்பட்ட ஆளைச் சொல்வதுபோல. மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். மூன்று துள்ளல். ஒவ்வொன்றுக்கும் தட்டில் ஒரு கீறல் விழுந்திருக்குமோ, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் தெரியாமல் இருப்பதும் இல்லாமல் இருப்பதும் ஒன்றல்லவே. நான்காவது தடவை சும்மா போடக் கூடாது. மணி இரண்டு இருபது. மாமாவும் என் கணவன் ரெக்சனும் நான்கு மணிக்குள் திருநெல்வேலியிலிருந்து வந்துவிடுவார்கள். மாமா முகம் கழுவுவார், இல்லை, கழுவக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், ஈரத்துணியால் கழுத்தை மட்டும் துடைத்துக்கொள்வார், பிறகு நாலரைக்கு இந்த நாற்காலியில் உட்கார்வார், இந்தத் தட்டைக் கேட்பார், தவில் அடி விழும், அப்போது இந்த வீட்டுக்கு நான் வந்து எட்டு மாதத்தில் செய்த முதல் பெரிய காரியம் என்னவென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஒரு உருண்டை. அவ்வளவுதான். கையின் நுனியில், கார்ட்ரிட்ஜைத் திருகியிருக்கும் தகட்டின் மேல்பக்கம், கறுப்பாக, அழுக்கு இறுகிக் கெட்டியானதுபோல ஒரு உருண்டை இருந்தது. முந்தாநாள் காலையில் மாமாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும் நான் வீட்டைக் கழுவ ஆரம்பித்தேன். தூசி இருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக ரெக்சன் போனில் சொன்னான், எனக்குத் தூசி என்ற ஒரு சொல் போதும். ஜன்னல் கம்பிகள், ஃபேன், அந்தோணியார் படத்தின் மேல்விளிம்பு, கடைசியில் இந்தப் பெட்டி. மாமாவைத் தவிர யாரும் தொடாத பெட்டி என்பதால் தூசியும் அங்கேதான் அதிகம் இருக்கும் என்று எனக்கு ஒரு நியாயம். மயிலிறகுபோலத்தான் தொட்டேன், சத்தியமாக, காது குடையும் பஞ்சால்தான் துடைத்தேன், ஆனால் அந்த உருண்டை துடைக்கத் துடைக்கப் போகவில்லை, நகத்தால் நெம்பினேன், முழுசாகப் பெயர்ந்து என் உள்ளங்கையில் விழுந்தது. அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அளவுக்கு மீறிக் கனமாக இருந்தது. இயற்பியலில் எம்.எஸ்சி. படித்து, முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பில் அடர்த்தி கண்டுபிடிக்கச் சொல்லித் தருகிறவள், உள்ளங்கையில் ஒரு கனத்தை வைத்துக்கொண்டு, எவ்வளவு நாளைய அழுக்கு பாரேன் என்று நினைத்தேன். குப்பைக் கூடையில் போட்டேன். கூடையை அன்றைக்கே வண்டியில் கொட்டினேன். நேற்று, எல்லாம் சரியாக இருக்கிறதா பார்ப்போமே என்று பெட்டியைத் திறந்தபோது, கை தாங்கியிலிருந்து விடுபட்டதும் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தது. பின்பக்க எடை முன்பக்கத்தை விடக் கூடிவிட்டது. அப்போதுதான் உள்ளங்கை அந்தக் கனத்தை நினைத்துக்கொண்டது. நினைவு மூளையில் இருக்கிறது என்கிறார்கள், எனக்கு அது உள்ளங்கையில் இருந்தது, இப்போதும் இருக்கிறது, நடுவில், ஒரு வேப்பங்கொட்டை அளவு.

மாமாவிடம் நான் இந்த எட்டு மாதத்தில் பேசியவற்றை எழுதினால் அரைப் பக்கம் வராது. டீ போடட்டுமா மாமா. சாப்பிட வாங்க மாமா. யாரோ வந்திருக்காங்க மாமா. அவரும் அப்படித்தான், கப்பலில் இருபத்தாறு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர், இன்ஜின் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பயனில்லை என்று பேச்சையே விட்டுவிட்டாரோ என்னவோ. ஆனால் நாலரை மணி என்று ஒன்று இருந்தது. அவர் முன்னறையில் தட்டு போடுவார், நான் அடுக்களையில் டீக்கு இஞ்சி நசுக்குவேன். கல்யாணமான மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, நான் இஞ்சி நசுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றேன், அந்த நிமிஷம் முன்னறையில் ஒலி ஒரு துளி கூடியது. தற்செயல் என்று நினைத்தேன். மறுநாள் வேண்டுமென்றே நசுக்குவதை நிறுத்திப் பார்த்தேன். கூடியது. அன்றிலிருந்து இந்த வீட்டில் எனக்கு ஓர் இடம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதை நான் ரெக்சனிடம்கூடச் சொன்னதில்லை, சொன்னால் அவன் அப்பாவிடம் சிரித்துக்கொண்டே கேட்டுவிடுவான், கேட்டால் அந்த ஒலி மறுபடி கூடாது. அதைத்தான் நான் நகத்தால் நெம்பி எடுத்துக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

அவர் நிறையப் பேசி நான் கேட்டது ஒரே ஒரு கதை. வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதை வரும். பெட்டி சிங்கப்பூரில் வாங்கியது, கார்ட்ரிட்ஜ் ஜப்பானில், கோபே துறைமுகத்தில், ஒரு சந்துக்குள் இருந்த பழைய சாமான் கடையில். கடைக்காரர் பெட்டியின் பெயரைக் கேட்டதும் தலையை ஆட்டினாராம், இரண்டு விரலையும் மோதிக் காட்டி, சேராது, சண்டை போடும், என்று சைகை செய்தாராம். “நான் அவன்ட்ட சொன்னேன், நீ கொடு, சேர்த்துவைக்கிறது என் வேலைன்னு. அவன் சிரிச்சான்.” மாமா இந்த இடத்தில் சற்று நிறுத்துவார். “இன்னைக்கு அவன் வந்து கேக்கணும்.” நான் நேற்று கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன், அந்தக் கடைக்காரர் சொன்னது சரி. இந்த மாதிரிப் பழைய கார்ட்ரிட்ஜில் ஊசியைத் தாங்கும் ரப்பர் விறைப்பானது, சுலபத்தில் வளைந்து கொடுக்காது. அதற்குக் கனமான கை வேண்டும், ஊசி உதைக்கும்போது உதையை வாங்கிக்கொண்டு அசையாமல் நிற்கிற கை. இது மெலிந்த கை. விறைப்பான ஊசி தவில் அடியில் உதைக்கிறது, கை பயந்து எழும்பிவிடுகிறது. பயந்து என்று எழுதக் கூடாது, என் மாணவி எழுதினால் சிவப்பு மையால் அடித்துவிடுவேன். ஆனால் பார்க்க அப்படித்தான் இருக்கிறது. யாராவது கொஞ்சம் உரத்துப் பேசினால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிற ஆளைப்போல. அந்த ஆள் யாரென்று எனக்குத் தெரியும்.

கால்வனாமீட்டர். அது எங்கிருந்து வருகிறது, நான் கூப்பிடவில்லையே. இளங்கலை இரண்டாமாண்டு, பாளையங்கோட்டையில், மதிய செய்முறை வகுப்பு. நான்தான் இணைப்பை மாற்றிக் கொடுத்தேன், மின்னோட்டம் காட்டும் முள் ஒரேயடியாகப் போய் ஓரத்தில் மோதி வளைந்துவிட்டது. என் பக்கத்தில் அந்த மேசையில் நின்றவள் பேச்சிக்கனி. மேடம் வந்து “யாரு இது?” என்றார்கள். நான் பேச வாய் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன், நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, அதற்குள் மேடம் பேச்சிக்கனியைப் பார்த்து “உனக்கு எப்பவும் அவசரம்” என்று சொல்லிவிட்டார்கள். பேச்சிக்கனி என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. நீ சொல்வாய் என்று காத்திருந்தாள், அவ்வளவுதான், கால்மணி நேரம் காத்திருந்தாள், பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டாள். கூச்ச சுபாவம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், பெண் பார்க்க வந்தபோதும் அம்மா அதை ஒரு நகையைப்போல எடுத்துக் காட்டினாள், “பிள்ளை அதிர்ந்து பேசமாட்டா.” அதிர்ந்து பேசாதவள் என்ன செய்வாள் என்று பேச்சிக்கனியிடம் கேட்டிருக்க வேண்டும். இன்றைக்கு மாமா கேட்டால் சொல்லிவிடுவேன். அவர் கேட்காவிட்டால்? அவர் எதையும் கேட்கிறவர் அல்ல. ஊசி துள்ளும், கையைத் தூக்கி வைப்பார், பெட்டியை மூடுவார். அதற்குப் பிறகு நாலரை மணிக்கு வீடு எப்படியிருக்கும், இஞ்சி நசுக்கும் சத்தம் மட்டும் கேட்கும்.

சரி. யோசி. பின்பக்க எடையை நேற்றே திருகி முன்னும் பின்னும் சமன்படுத்திவிட்டேன், ஊசியின் அழுத்தம் சரியாகத்தான் இருக்கிறது, இருந்தும் துள்ளுகிறது. ஏனென்றால் எடை வேறு, நிறை வேறு. வருஷா வருஷம் முதல் வகுப்பில் கரும்பலகையில் எழுதுவது. தராசு சமமாக நின்றாலே போதாது, தட்டுகளில் எவ்வளவு இருக்கிறது என்பதும் முக்கியம், காலித் தட்டும் சமமாகத்தான் நிற்கும், ஊதினால் ஆடும். நுனியில் கொஞ்சம் நிறை சேர்க்க வேண்டும். கூடினால் வேறு தொல்லை, தட்டு லேசாக நெளிந்திருக்கும் இடங்களில் கை மெதுவாக ஏறி, இறங்க மறந்து, மறுபடி துள்ளும். நடுவில் ஒரு அளவு இருக்கிறது. கணக்குப் போட்டேன், காகிதத்தின் ஓரத்தில், மளிகைச் சாமான் எழுதியிருந்த காகிதம்தான், துவரம்பருப்புக்குக் கீழே வர்க்கமூலம். நாலு கிராம், கூடக்குறைய. ஒரு ரூபாய் நாணயம் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். எனக்கே என்னைப் பிடித்துப்போனது ஒரு நிமிஷம். நாணயத்தை இரண்டு விரலால் பிடித்துக் கையின் நுனிக்கு மேலே கொண்டுபோனேன், இன்னும் ஒரு அங்குலம் இருக்கும், நாணயம் என் விரலிலிருந்து தானாகப் பாய்ந்து டக்கென்று கார்ட்ரிட்ஜின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டது. காந்தம். உள்ளே காந்தம் இருக்கிறது, அதனால்தான் அது பாடுகிறது, நாணயம் இரும்பு கலந்தது, இதுவும் எனக்குத் தெரிந்ததுதான், எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான், காரியம் நடந்து முடிந்த பிறகு தெரிகிறது. மூச்சு விடவில்லை. நாணயத்தை இழுத்தால் ஊசி முறியலாம். இழுக்காமல் பக்கவாட்டில் நகர்த்தினேன், ஒரு மில்லிமீட்டர், இன்னொன்று, வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது, நாணயம் விளிம்புக்கு வந்ததும் கழன்றது. குனிந்து ஊசியைப் பார்த்தேன். இருந்தது. நேராக, பூனை மீசையின் நுனிபோல. பின்னால் ஒரு குரல். “அதுக்கு மொய் எழுதுறியா அன்சிலா?”

மாமி. மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து, கொண்டையை முடிந்துகொண்டே வாசற்படியில் நிற்கிறார்கள். மோட்சராக்கினி என்பது பெயர், தெருவில் ராக்கினியக்கா, மாமாவுக்குப் பெரும்பாலும் “ஏ இவளே”. இந்தப் பெட்டியை மாமிக்குப் பிடிக்காது என்பது ஊருக்கே தெரியும். மூத்தாள் என்றுதான் சொல்வார்கள். “மூத்தாளுக்குத் துணி போத்திட்டு வாங்க, மீன் ஆறிப்போவுது.” என்னிடம் நன்றாகத்தான் இருக்கிறார்கள், ஆனால் முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அன்சிலா, விருந்தாளியைப்போல. தெருவில் மற்றப் பெண்களை எல்லாம் ஏட்டி என்பார்கள். நான் எழுந்து நின்றேன். நாணயம் உள்ளங்கையில், சரியாக அந்த இடத்தில். சொல். இப்போது சொல். “மாமி, இதுல ஒரு உருண்டை இருந்துச்சு, அழுக்குன்னு நினைச்சு எடுத்துப் போட்டுட்டேன், இப்ப ஊசி துள்ளுது, மாமா வந்தா...” இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன், பேச்சிக்கனி, சொல்லிவிட்டேன் பார், ஆறு வருஷம் கழித்து வேறு ஊரில் வேறு ஆளிடம். மாமி கையைக் கொண்டையிலிருந்து எடுத்தார்கள். முகத்தில் ஏதோ ஒன்று வந்து, போய், மறுபடி வந்தது. கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

“கறுப்பா இருந்துச்சே, அதா?”

“ஆமா மாமி.”

“நகத்தால எடுத்தியா? முழுசா வந்துச்சா?”

“முழுசா.”

“நாப்பது வருசமா வராதது.” மாமி போய் மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அதில் அவர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. “மெழுகு நல்ல மெழுகு. கோயில் மெழுகுத்திரி.” நான் நின்றுகொண்டிருந்தேன். விளங்கவில்லை, பிறகு விளங்கியது, விளங்கியதை நம்பவில்லை. மாமி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள். கல்யாணமாகி இரண்டாவது லீவு. மாமா கோபேயிலிருந்து கார்ட்ரிட்ஜோடு வந்தார். பூட்டினார். துள்ளியது. நாற்பத்தெட்டு நாள் லீவில் நாற்பது நாள் துள்ளியது. “சாப்பாடு இறங்கல மனுசனுக்கு. கழட்டுறதும் பூட்டுறதும். யாருட்டயும் சொல்லவும் மாட்டாவ, கேக்கவும் மாட்டாவ. மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டே கப்பலுக்குப் போனாவ.” பிறகு பத்து மாதம் இந்த வீட்டில் மாமியும் இந்தப் பெட்டியும். “எனக்கும் பொழுது போவாண்டாமா? போட்டுப் பாத்தேன். துள்ளிச்சு. விரலால தலைய லேசா அமுக்கிப் பிடிச்சா துள்ளல. விரலையே வச்சிட்டு எவ்வளவு நேரம் இருக்க? எங்க அண்ணன் வலையில இருந்து ஈயக்குண்டு ஒண்ண எடுத்து, பாக்குவெட்டியால நறுக்கி, மெழுக உருக்கி ஒட்டுனேன். பெருசா நறுக்குனா ஒரு மாதிரி, சிறுசா நறுக்குனா ஒரு மாதிரி. ஒரு வாரம் ஆச்சு.” மேலே கண்மை பூசினார்களாம், தகட்டோடு தகடாகத் தெரிய வேண்டும் என்று. மாமா திரும்பி வந்தார், தட்டைப் போட்டார், துள்ளவில்லை. “ஆடுனாவட்டி அன்னைக்கு. பாத்தியா ராக்கினி, சேராதுன்னான், சேர்ந்துட்டுது, பழகப் பழகச் சேர்ந்துட்டுதுன்னு. அந்த மூஞ்சியப் பாத்த பொறவு யாரு சொல்லுவா?” ஆடுனாவட்டி. வாலில் ஒட்டியிருந்தது ஒரு ஏட்டி. எனக்குக் கேட்டது. மாமிக்குக் கேட்டதா தெரியவில்லை.

சிரிக்கலாமா என்று பார்த்தேன், மாமி சிரிக்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விதவிதமாக நறுக்கிய ஒரு வாரம். பத்தொன்பது வயதோ இருபதோ இருக்கும் அப்போது. நான் நேற்று மூன்று புத்தகம் படித்துக் கண்டுபிடித்ததை விரலை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள், பிறகு நாற்பது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள், அதற்கு மேல் மூத்தாள் என்று திட்டியும் வந்திருக்கிறார்கள். இதையும் கூச்சம் என்று யாராவது சொல்வார்களா. என் போன் அடித்தது, ரெக்சன். “வல்லநாடு தாண்டிட்டோம். அப்பா வலது கண்ல கட்டுப் போட்டிருக்காங்க, இடது கண்ணு எப்பவும்போல மங்கல்தான். பாட்டுக் கேக்கணுங்கறாங்க, வேற ஒண்ணும் பேசல.” வல்லநாடு என்றால் இன்னும் அரைமணி நேரம். மாமி எழுந்தார்கள். பின்கட்டுக்குப் போய் ஏதோ டப்பாவை உருட்டும் சத்தம், பிறகு ஒரு பழைய வலைத் துண்டோடும் பாக்குவெட்டியோடும் வந்தார்கள். வலையின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஈயக்குண்டுகள். ஈயத்தைக் காந்தம் இழுக்காது. பார்த்தவுடன் தெரிந்தது, இந்த முறை காரியத்துக்கு முன்பே தெரிந்தது.

“எவ்வளவு நறுக்கட்டும்? என் சுண்டு விரல் நகம் அளவுன்னு ஞாபகம். அப்ப விரல் மெலிசு.”

“நாலு கிராம் மாமி.”

“அது எந்த விரலு?”

நான் சிரித்துவிட்டேன். மாமி ஈயத்தைப் பாக்குவெட்டியில் வைத்து அழுத்தினார்கள், வெண்ணெய்போல வெட்டுப்பட்டது, வெட்டுமுகம் மட்டும் பளபளத்தது. நான் ஒரு அளவுகோலின் நடுவில் பென்சிலை வைத்துத் தராசு செய்தேன், ஒரு முனையில் நாணயம், மறு முனையில் ஈயம். கொஞ்சம் கனம். ஒரு சீவல். இன்னும் கொஞ்சம். “பாக்கு நறுக்குற மாதிரி நறுக்கு நறுக்குங்கறா. வெத்தலை எங்கட்டி?” என்று மாமி கேட்டார்கள். மெழுகுத்திரியை ஏற்றி இரண்டு சொட்டு விட்டார்கள், கை நடுங்கவே இல்லை, ஈயம் உட்கார்ந்தது. பின்பக்க எடையை நான் திருகினேன், ஒரு சுற்று, இன்னும் அரை. மாமி தட்டைச் சுழலவிட்டார்கள். போடு என்று என்னைப் பார்த்தார்கள். தவிலுக்கு முன்னால் ஊசியை இறக்கினேன். நாதஸ்வரம் படியிறங்கியது. இரண்டு பேரும் குனிந்து, தலையோடு தலை முட்ட, அந்த நுனியையே பார்த்துக்கொண்டிருந்தோம், மாமியின் மேல் பவுடர் வாசனையும் தூக்கத்தின் வெதுவெதுப்பும். நின்றது. தவில் விழுந்தது. கை நடுங்கியது, எழும்பவில்லை. ஆனால் தட்டின் நெளிவு வந்த இடத்தில் ஏறி, ஒரு கணம் அப்படியே மிதந்து, தயங்கி இறங்கியது. “கனம் கூடுதல்,” என்று இருவரும் சொன்னோம். மாமி பாக்குவெட்டியின் நுனியால் ஒட்டியிருந்த ஈயத்தின் ஓரத்தை, நான் மூச்சைப் பிடித்துக் கையைத் தாங்கிக்கொண்டிருக்க, எறும்பளவு சீவி எடுத்தார்கள். மறுபடி. தவில். நெளிவு. கை ஏறியது, இறங்கியது, துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் தோணி அலை கடந்து போகும்போது ஏறி இறங்குவதுபோல, எங்கும் போகாமல். மாமி என் கண்ணாடி மேசையிலிருந்து மை டப்பாவை எடுத்து வந்து விரலால் பூசினார்கள். கறுப்பு. தகட்டோடு தகடு. வாசலில் கார் நின்றது. “ஏட்டி,” என்றார்கள் காதருகில், “மாமாட்ட சொல்லிராத. என்னைக்கும்.” வலையையும் பாக்குவெட்டியையும் முந்தானையில் சுருட்டிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார்கள்.

மாமா ரெக்சனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். வலது கண்ணில் வெள்ளைக் கட்டு, அதன் மேல் கறுப்புக் கண்ணாடி, முகம் வேறு யாருடையதோபோல இருந்தது. ரெக்சன் மருந்து வாங்க மறுபடி வெளியே போனான். நாற்காலியில் உட்கார்ந்ததும் மாமா கையை நீட்டிப் பெட்டியைத் தேடினார், விளிம்பு கிடைத்தது, குனியப் போனவர் நிறுத்திக்கொண்டார். “குனியக் கூடாதாம்,” என்றார். பிறகு, “நீ வை,” என்றார். இந்த வீட்டில் யாரிடமும் சொல்லாத சொல். நான் தட்டை எடுத்து வைத்தேன், சுழலவிட்டேன், கையை நோக்கி என் கை போகும்போது அவர் விரல்கள் எனக்கு முந்திக்கொண்டு, பழக்கத்தில், கையின் வழியாக ஊர்ந்து நுனிக்கு வந்தன. ஆட்காட்டி விரல் அந்த உருண்டையின் மேல் வந்து நின்றது. நின்றேவிட்டது. ஒரு பக்கமாகத் தடவியது, சீவிய ஓரத்தை உணர்ந்தது, திரும்பி வந்தது. விரலில் மை ஒட்டியிருந்தது, அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தது. அந்த விரல் எதையும் தேடவில்லை, தினமும் ஒருமுறை தொட்டுப் பார்க்கிற இடத்தைத் தொட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அப்போது எனக்குப் புரிந்தது, இத்தனை வருஷமும் அவருக்குத் தெரியும்.

“புதுசு,” என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

தலையாட்டினேன். அவருக்குக் கண் தெரியாது, தலையாட்டினால் போதாது. “ஆமா மாமா. பழசை நான்தான் அழுக்குன்னு நெனச்சு எடுத்துப் போட்டுட்டேன்.” நாக்கு ஒட்டவில்லை. நானே என் குரலைக் கேட்டேன், சாதாரணமாக இருந்தது.

“ஒட்டுனது அவளா?”

பதில் சொல்ல வாய் எடுத்தேன். என்னைக்கும், என்று காதருகில் சொன்ன மூச்சு இன்னும் அங்கே சூடாக இருந்தது. நான் பேசாமல் நின்றேன். மாமா அந்த மௌனத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார், தட்டைக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்துக்கொண்டு. அடுக்களையில் சத்தமே இல்லை, பாத்திரம்கூட நகரவில்லை. மாமாவின் உதடு ஒரு பக்கம் இழுபட்டது. “நான் தொட்டுப் பாத்தேன்னு அவட்ட சொல்லாத,” என்றார் தணிந்த குரலில். நான் என் முந்தானை நுனியால் அவர் விரலில் இருந்த மையைத் துடைத்துவிட்டேன். விரலை நீட்டிக் கொடுத்தார். பிறகு ஊசியை இறக்கினேன். நாதஸ்வரம் எழுந்து, அறையை நிறைத்து, படிப்படியாக இறங்கி வந்து நின்றது. தவில் விழுந்தது. மாமா தலையைத் திருப்பாமல், கப்பலின் கீழ்த்தளத்திலிருந்து மேல்தளத்துக்குச் சொல்வதுபோல உரக்கச் சொன்னார்.

“கேட்டியா ராக்கினி? சேராதுன்னான் கோபேக்காரன். யாரு சேர்த்தா?”

“ஆமா, கிழிச்சீங்க,” என்றது அடுக்களை. “மூத்தாளக் கொஞ்சுனது போதும், டீ வேணுமா வேண்டாமா?”

நான் டீ போட எழுந்தேன். மாமி இஞ்சியை எடுத்து வைத்திருந்தார்கள், என்னைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. குழவியைக் கையில் எடுத்து, நசுக்காமல் நின்றேன். மாமியும் நின்றார்கள். முன்னறையில் ஒலி ஒரு துளி கூடியது.